சின்னவனுக்கு என்ன கிடைத்தது?

கடந்த மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பர் திருவிழாவின் மாலையில், எம் பங்கின் சமூகக் கூடத்தில் ஒரு குறும்படம் திரையிடப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் அந்நாளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிக் கார்த் தொழிற்சாலையும், அதற்கு உதிரி உறுப்புகள் செய்து தரும் சிறிதும் பெரிதுமான கம்பெனிகளும் நிறைந்த ஊர் இது. 1998இல் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார்கள் வெளிவரத் தொடங்கிய பின், தென்மாவட்டங்களிலிருந்தும், அண்மைக் காலமாக ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கியவர்களே எம் பங்கு மக்களில் பெரும்பாலோர். ஞாயிறு திருப்பலிக்குக்கூட ஒரு ஷிப்டுக்காரர்கள் வந்தால் மற்றொரு ஷிப்டுக்காரர்கள் உறக்கத்தில் இருப்பர். மே தினத்தன்றுதான் எல்லாரையும் ஒருசேரக் காண முடிகிறது.

படத்தை எடுத்தவர் எம் பங்கின் இளைஞர். ஒரு காலத்தில் பீடச்சிறுவராக இருந்தவர். சென்னையிலுள்ள கல்லூரியொன்றில் விஸ்காம் இறுதியாண்டு பயில்கிறார். தேர்வுக்காக எடுத்த பதினான்கு நிமிடப் படம். கதை இதுதான். உதிரி உறுப்புக் கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷினில் வேலை செய்யும் ஒருவருடைய வலக்கையின் நான்கு விரல்கள் ஓர் இரவு ஷிப்டில் நசுங்கிப் போகின்றன. வேலை போகிறது, குடி வருகிறது. ஒவ்வோர் இரவும் எட்டு வயது மகன் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறான். கழுத்தில் ஒரு துண்டை முடிந்து, அதைப் பறக்கும் அங்கியாகப் பாவித்துக்கொள்கிறான். ஒரு நாள் தந்தையின் இடக்கை அவன் காதில் இறங்குகிறது. காதுக்குள் ஓர் இரைச்சல். அந்த இரைச்சலிலிருந்து அவனுக்கு ஓர் ஆற்றல் பிறக்கிறது: அவன் கையை உயர்த்தினால் எந்த இயந்திரமும் நின்றுவிடும். வளர்ந்தபின் இரவுகளில் தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சுற்றி, யாரோ ஒருவருடைய கையின்மேல் பிரஸ் இறங்கும் கணத்தில் அதை நிறுத்துகிறான். இறுதிக் காட்சியில் ஒரு கூரையின் உச்சியில் நிற்கிறான். கீழே கம்பெனிப் பேருந்துகளின் விளக்குகள் வரிசையாய் ஊர்கின்றன. திரை இருள்கிறது. அந்த அடிக்கு நன்றி சொல்லும் இரண்டு சொற்கள் வெள்ளை எழுத்தில் தோன்றி மறைகின்றன.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அது அந்த இளைஞரின் சொந்தக் கதை என்பது கூடத்தில் இருந்தோர் பலருக்கும் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய தந்தையை அடக்கம் செய்தவன் நானே. என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். சிப்பிக்குள் விழுந்த மணல் உறுத்தி உறுத்தி முத்தாவதுபோல, அந்த அடி இவருள் ஒரு படைப்பாளியை உண்டாக்கியது என்றேன். இறைவன் எந்தக் காயத்தையும் வீணாக்குவதில்லை என்றேன். மீண்டும் கைதட்டினார்கள். உவமை நன்றாக அமைந்துவிட்டதில் எனக்கே ஒரு நிறைவு இருந்தது என்பதை மறைப்பானேன்?

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் அந்த இளைஞரின் தாய் என்னிடம் வந்தார். ஒரு கம்பெனிக் கேன்டீனில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர். கோபமாகக் கேட்கவில்லை, ஏதோ கணக்கு விளங்காதவர்போலக் கேட்டார்: “பெரியவனுக்கு அது சக்தியைக் கொடுத்துச்சுன்னு சொன்னீங்க சாமி. சின்னவனும் அதே கட்டிலுக்கடியிலதான் கெடந்தான். அவனுக்கு என்ன கிடைச்சுது?”

சின்னவனுக்கு இப்போது பதினாறு வயது. ஒன்பது வயதளவில் பேச்சு குறைந்து, பிறகு ஏறத்தாழ நின்றே போயிற்று. எட்டாம் வகுப்போடு பள்ளியும் நின்றது. ஒரு தட்டு கீழே விழுந்தால் எழுந்து மூலைக்குப் போய்விடுவான். படத்தில் அவன் இல்லை. திரையில் கட்டிலுக்கடியில் ஒரே ஒரு சிறுவன்தான் இருந்தான். (அந்தத் தாயின் இசைவையும் மூத்த மகனின் இசைவையும் பெற்றே இதை எழுதுகிறேன்.)

அன்றிரவு என் அறைக்குத் திரும்பியபின், அந்த வாக்கியத்தை நான் எங்கிருந்து பெற்றேன் என்று தேடிப் பார்த்தேன். ஒரு பகுதி குருமடத்திலிருந்து வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராயிருந்த புனித இரேனேயு, மனிதர் முதிர்ச்சியற்ற நிலையில் படைக்கப்பட்டு வளர்ந்து நிறைவை நோக்கிச் செல்பவர் என்று கற்பித்தார். அதை வைத்து ஜான் ஹிக் என்ற ஆங்கிலேய இறையியலார் 1966இல் ஒரு நூல் எழுதினார். இவ்வுலகம் ஆன்மாவை உருவாக்கும் பட்டறை, துன்பம் அதன் கருவி என்பது அவர் வாதத்தின் சாரம். இளமையில் அது என்னைப் பெரிதும் கவர்ந்தது. மறுபகுதியோ, அந்த இளைஞர் கற்ற இடத்திலிருந்தே எனக்கும் வந்திருக்க வேண்டும். சிறுவயதில் வாடகை நூல்நிலையத்தில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான்.

சூப்பர் ஹீரோக் கதைகளில் வீரன் எப்படி வீரனானான் என்பதைச் சொல்லும் பகுதி கிட்டத்தட்ட ஒரு சடங்கு. 1939 மே மாத இதழில் வெளிவரத் தொடங்கிய பேட்மேன் கதையில், அவன் ஏன் இப்படி ஆனான் என்பது அவ்வாண்டு நவம்பர் இதழில் இரண்டே பக்கங்களில் சொல்லப்பட்டது: கண்ணெதிரே தாயும் தந்தையும் கொல்லப்பட்ட சிறுவன் மெழுகுவத்தி ஒளியில் சபதம் செய்கிறான். 1962இல் வந்த ஸ்பைடர்மேனுக்குச் சிலந்தி கடித்ததால் வலிமை வந்தது; பொறுப்பு வந்ததோ சித்தப்பாவின் கொலைக்குப் பின்னர்தான். முதலில் காயம், பின்பு வரம் என்ற இந்த வரிசை இன்று உலகமெங்கும் பிள்ளைகளின் மனத்தில் ஒரு மறைக்கல்விபோலப் பதிந்துவிட்டது.

இவர்களுக்கெல்லாம் மூத்தவனான சூப்பர்மேனை எடுத்துக்கொள்வோம். 1932 ஜூன் மாதம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதர் ஒருவரின் துணிக்கடையில் திருட்டு நடந்தது. கடைக்காரர் மாரடைப்பால் அங்கேயே இறந்தார். அவருடைய மகன் ஜெர்ரி சீகலுக்கு அப்போது வயது பதினேழு. ஜோ ஷஸ்டர் என்ற நண்பரோடு சேர்ந்து சீகல் உருவாக்கிய சூப்பர்மேன் 1938இல் அச்சேறினான்; துப்பாக்கிக் குண்டு துளைக்காத உடல், எளியோரைத் திருடரிடமிருந்து காக்கும் கைகள். தந்தையின் சாவே அந்த வீரனைப் பெற்றது என்று பிற்காலத்தோர் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் சீகல் தம் பெற்றோரின் ஆறு பிள்ளைகளில் கடைசி. தந்தையை இழந்தவர்கள் ஆறு பேர். சூப்பர்மேனைப் படைத்தவர் ஒருவர். மற்ற ஐவருக்கு அந்தச் சாவு என்ன கொடுத்தது என்று எவரும் கேட்பதில்லை. (அந்த ஒருவருக்குமே பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. சூப்பர்மேனின் உரிமையை நண்பர் இருவரும் 130 டாலருக்கு விற்றுவிட்டு, பிற்காலத்தில் வறுமையில் உழன்று, 1975இல்தான் ஓர் ஓய்வூதியம் பெற்றனர்.)

மருத்துவர்களின் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 1995 முதல் 1997 வரை அமெரிக்க மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வயது வந்தோரிடம் குழந்தைப் பருவம் பற்றிக் கேட்டு நடத்திய ஆய்வு புகழ்பெற்றது. அடி, இழிவு, வீட்டில் குடி, தாய் தாக்கப்படுவதைக் காணுதல் ஆகிய அனுபவங்கள் எண்ணிக்கையில் கூடக் கூட, பிற்காலத்தில் இதய நோயும், குடிப்பழக்கமும், தற்கொலை முயற்சியும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆற்றல் கூடியதாக அதில் எங்கும் இல்லை. கட்டிலுக்கடியில் கிடக்கும் குழந்தையின் உடல் எந்நேரமும் தப்பியோட ஆயத்தமாய் இருக்கிறது. ஆபத்து போனபின்னும் அந்த ஆயத்தம் போவதில்லை. தட்டு விழும் ஓசைக்கு எழுந்தோடும் அந்தச் சின்னவனே அவ்வாய்வின் விளக்கப்படம்.

அப்படியாயின் பெரியவருக்குக் கிடைத்தது எங்கிருந்து? இதை எண்ணிக்கொண்டிருந்தபோது, ‘மின்னல் முரளி’ என்ற மலையாளப் படம் நினைவுக்கு வந்தது. பேசில் ஜோசப் இயக்கியது. 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. நம் வாசகர் பலர் தமிழ்க் குரலில் பார்த்திருக்கக்கூடும். ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகிறது; இருவருக்கும் ஆற்றல் வருகிறது. ஒருவன் ஜெய்சன், குழந்தையிலேயே தந்தையைத் தீயில் இழந்தவன். மற்றவன் ஷிபு, ஊரார் பித்தன் என்று ஒதுக்கிவைத்த ஏழை. நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் அந்தப் பாத்திரத்தில் நடித்ததைப் பார்த்தவர் எளிதில் மறவார். ஜெய்சன் ஊரின் வீரனாகிறான்; ஷிபு ஊரை எரிக்க வருகிறான்.

வழக்கமான கதைகள் வீரனுக்கு ஒரு காயமும் வில்லனுக்கு ஒரு காயமும் கொடுத்துவிட்டு, ஒருவன் நல்லவனாதலால் நல்லவனானான் என்று முடித்துவிடும். இப்படம் அவ்வளவு எளிதாக விடவில்லை. ஜெய்சனைத் தையற்காரர் ஒருவர் தம் சொந்த மகனாகவே வளர்த்தார். திட்டவும் சோறு போடவும் ஒருவர் வீட்டில் இருந்தார். ஷிபுவுக்கு அவ்வாறு ஒருவரும் இல்லை. அவன் நேசித்த ஒரே பெண்ணையும் ஊரார் வைத்த தீ கொண்டுபோனது. மின்னல் இருவர்மீதும் ஒன்றாகவே விழுந்தது. அதற்கு முன்னரே ஒருவனுக்கு வீடு இருந்தது, மற்றவனுக்கு இல்லை.

இது வெறும் கதையன்று. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வறுமை, குடி, ஓயாத சண்டை ஆகியவற்றுக்கு நடுவே வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் அன்பும் திறமையும் உள்ளவர்களாக வளர்ந்திருந்தனர். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முக்கியமானது, அவர்கள்மீது அக்கறை கொண்ட ஒருவராவது அருகில் இருந்தது. பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டாரோ, யாரேனும் ஒருவர். பேட்மேன் கதையிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1939இல் பெற்றோரை இழந்த அந்தச் சிறுவனுக்குச் சோறு போட்டவர் யார் என்று எழுதியவர்கள் கவலைப்படவேயில்லை. ஆல்ஃப்ரெட் என்ற பணியாளர் 1943இல்தான் கதைக்குள் வந்தார். அதுவும் வளர்ந்துவிட்ட வீரனிடம் வேலைக்கு வந்தவராக. அந்தச் சிறுவனை வளர்த்தவரே அவர்தான் என்று கதை மாறியது மிகவும் பிற்பாடு. அப்படி ஒருவர் இல்லாமல் கதை நிற்காது என்பது எழுதுவோருக்கே காலப்போக்கில் புரிந்திருக்க வேண்டும்.

எம் பங்கின் பெரியவருக்கு அப்படி யார் இருந்தார் என்று பின்னர் விசாரித்தேன். பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஒருவர், மாலையில் வீட்டுக்கு அனுப்பாமல் ஏழு மணி வரை தம்மோடு வைத்துக்கொண்டிருக்கிறார். காகிதமும் வண்ணமும் கொடுத்திருக்கிறார். அவ்வளவே. சின்னவன் அந்தப் பள்ளிக்குப் போகும் வயதை எட்டுமுன் அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். படத்தின் இறுதியில் நன்றி சொல்ல வேண்டியிருந்தால் அது அந்த அடிக்கு அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மேடையில் அடியைப் புகழ்ந்தேன். ஆசிரியரைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை.

சிலர் மறுக்கலாம்: விவிலியமே அப்படித்தானே சொல்கிறது? தொடக்கநூலின் இறுதி அதிகாரத்தில், தன்னை விற்ற சகோதரர்களை நோக்கி யோசேப்பு, நீங்கள் செய்த தீமையைக் கடவுள் நன்மையாக மாற்றினார் என்று சொல்லவில்லையா? சொன்னார். நானும் பல மறையுரைகளில் அதை எடுத்தாண்டிருக்கிறேன். ஆனால் அதைச் சொன்னவர் யார் என்று கவனிக்க வேண்டும். குழியில் தள்ளப்பட்டவர் சொன்னார், தள்ளியவர்களிடம் சொன்னார். அதே சொற்களைச் சகோதரர்கள் யோசேப்பிடம் சொல்லியிருந்தால்? ‘உன்னை விற்றதனால் அல்லவா நீ எகிப்தின் ஆளுநரானாய்!’ அதைவிடக் கொடிய சொல் இருக்க முடியாது. சொற்பொருள் ஒன்றே. வாய் மாறினால் அது மன்னிப்பிலிருந்து வன்முறையாக மாறிவிடுகிறது. யோசேப்பும் அதை முதல்நாளே சொல்லிவிடவில்லை. அதற்கு முன் பலமுறை அழுதார். அறைக்குள் போய்த் தனியே அழுதார். தம் தலைமகனுக்கு, துன்பத்தை மறக்கச் செய்தார் என்னும் பொருள்பட மனாசே என்று பெயரிட்டார். அந்தப் பெயரைச் சொல்லி மகனை அழைத்த ஒவ்வொரு முறையும் எதை மறந்தார் என்பது அவருக்கு நினைவு வந்திருக்கும் அல்லவா?

ஆகவே அந்த இளைஞர் தம் காயத்தைப் பற்றி எதையும் சொல்ல உரிமை உடையவர், நன்றி சொல்லவும்கூட. அதைத் தடுக்க நான் யார்? நான் சொன்னதுதான் பிழை. மேடையில் நின்ற குரு சொல்லும்போது, அது எல்லாக் கட்டில்களுக்கடியிலும் கிடக்கும் பிள்ளைகளுக்குச் சொன்னதாகிவிடுகிறது. அடித்தவர்களின் காதிலும் விழுகிறது. திருச்சபையின் வாயில் இவ்வாக்கியம் எவ்வளவு ஆபத்தானது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். திருச்சபைக்குள்ளேயே சிறுவர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் குறித்து மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஆகஸ்ட் 20ஆம் நாள் இறைமக்கள் அனைவருக்கும் எழுதிய மடலில், சிறியோரை நாம் கைவிட்டோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அக்காயங்களால் விளைந்த நன்மை எதையும் அவர் அந்த ஒப்புதலுக்குச் சமாதானமாக வைக்கவில்லை. பாஸ்கா இரவில் ஆதாமின் குற்றத்தையே பேறு என்று பாடுகிறோமே என்றால், அதை நாம் நம் குற்றத்தைப் பற்றிப் பாடுகிறோம். அடுத்தவர் உடம்பின் தழும்பைப் பார்த்துப் பாடுவதில்லை.

யோபு நூலின் முடிவும் என்னை நெடுநாள் தொல்லைப்படுத்தியதுண்டு. இழந்ததெல்லாம் அவருக்கு இருமடங்காகத் திரும்பியது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எண்ணிப் பார்த்தால் ஆடுகள் ஏழாயிரம் பதினாலாயிரமாயின; ஒட்டகங்கள் மூவாயிரம் ஆறாயிரமாயின. பிள்ளைகளோ முன்பும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். பின்பும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. இறந்தவர்கள் இறைவனிடம் இருக்கிறார்கள், ஆதலால் கூட்டினால் இருபதே என்பர் உரையாசிரியர் சிலர். அது அழகான விளக்கமே. எனினும் அந்த நூலை எழுதியவர், ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது என்பதை அறிந்தே எண்ணிக்கையை இரட்டிக்காமல் விட்டார் என்று நினைக்க எனக்கு விருப்பம். ஆட்டுக்கு ஆடு ஈடாகும். பெரியவரின் படம் எவ்வளவு சிறந்ததாயினும் அது சின்னவனின் பேச்சுக்கு ஈடாகாது.

சூப்பர் ஹீரோவாக ஒரு குழந்தை இயேசுவும் இருந்தார் என்றால் சிலர் வியக்கக்கூடும். தோமாவின் பெயரால் வழங்கும் குழந்தைப்பருவ நற்செய்தி என்ற பழைய ஏட்டில், சிறுவன் இயேசு களிமண் குருவிகளைப் பறக்க விடுகிறார். தம்மீது மோதிய சிறுவனைச் சபித்துச் சாகடிக்கிறார். திருச்சபை அதை மறைநூலாக ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்ட நற்செய்திகளில், ஏரோதின் வாளுக்குத் தப்பிய குழந்தைக்கு அதனால் ஆற்றல் எதுவும் வரவில்லை. தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓட ஒரு தாயும் ஒரு தச்சரும் இருந்தனர். தப்பாத பெத்லகேம் குழந்தைகளுக்காக ராகேல் அழுவதாகவும் தேற்றப்பட மறுப்பதாகவும் மத்தேயு இறைவாக்கினரை நினைவூட்டுகிறார். அவரை யாரும் தேற்ற முற்படவில்லை என்பதும் அங்கே ஒரு செய்தி.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். நான் இப்பங்கிற்கு வந்த முதல் ஆண்டில், அன்பியக் கூட்டம் ஒன்று அந்த வீட்டில் நடந்தது. அந்தத் தந்தை அன்று குடிக்காமல், சலவைச் சட்டையோடு, வலக்கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றார். அவரும் ஒரு காயக்காரர்தாம். விரல்கள் போனபின் அவர் கதையை எங்கே கொண்டுபோவது என்று யாரும் கேட்கவில்லை; படமும் கேட்கவில்லை. எனக்கு அமரக் கட்டிலைக் காட்டினார்கள். அமர்ந்தேன். தேநீர் அருந்தினேன். விவிலியப் பகுதியை விளக்கினேன். இரவில் அவ்வீட்டில் எழும் சத்தம் அண்டை வீட்டாருக்குத் தெரியும் என்பதை இப்போது அறிகிறேன். 1098 என்ற சிறுவர் உதவி எண் பங்கு அறிவிப்புப் பலகையில் அன்றும் ஒட்டப்பட்டிருந்தது, ஒட்டியவன் நானே. யாரும் அழைக்கவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. அந்தச் சின்னவன் அன்று எங்கே இருந்தான் என்பதுகூட எனக்கு நினைவில் இல்லை.

சென்ற வாரம் அவ்வீட்டுக்கு மீண்டும் போனேன். பெரியவர் கல்லூரியிலிருந்து வந்திருந்தார். மேடையில் பேசியது தவறு என்று அவரிடமும் தாயிடமும் சொன்னேன். பெரியவர் சற்று நேரம் கழித்து, “தம்பியையும் படத்துல வெச்சிருந்தேன் ஃபாதர். எடிட்டிங்ல எடுத்துட்டேன். அவன் இருந்தா முடிவு வரல,” என்றார். மாற்றி எடுக்கப் போகிறாரா என்று நான் கேட்கவில்லை. சின்னவன் சன்னலோரம் அமர்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை நான் கட்டிலில் அமராமல் அவனருகே தரையில் அமர்ந்தேன். பேசவில்லை, அவனும் பேசவில்லை. தாய் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பினார். தெருமுனையில் கம்பெனிப் பேருந்து வந்து நின்றதும், அவன் எழுந்து, வாசலில் கிடந்த தாயின் செருப்பை எடுத்து அவர் காலுக்கு நேரே வைத்துவிட்டு, மறுபடியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.